கம்பி போட்டு ஒட்டிய கால்

என் கையைத்தான் உடைக்க வேண்டும். நன்றாக ஒட்டித் தொலைத்த கை!

என் வீட்டுக்காரர் அழகருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. சீனி வியாதி தின்றுவிட்டது. பிளாஸ்டிக் கால் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதன் மேல்பக்கம் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். மிச்சக் காலை அதற்குள் விட்டு வாரை இழுத்துக் கட்டினால் நடக்கலாம். அதைக் கட்டிக்கொண்டுதான் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் காவல் வேலை பார்த்தார். மனிதர் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே போனார். கால் மெலிந்தது, கிண்ணம் மெலியுமா? உள்ளே லொடலொடவென்று ஆடி, உரசி உரசிப் புண் வைத்தது. சீனிக்காரர் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னும் மேலே வெட்டுவார்கள். அளவெடுத்துச் செய்த புதுக் கால் ஒன்று கிடைத்தால் போதும், வேறு எந்த வரமும் வேண்டாம் என்று மாரியம்மனிடம் அழுதுகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மழையில், வரிசை வீடுகளாக நாங்கள் குடியிருக்கும் லயத்துப் படியில் வழுக்கி விழுந்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிண்ணம் விளிம்பிலிருந்து பாதிவரை பிளந்துவிட்டது. அதற்காக வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? பசறையில் இரும்புக் கடை வைத்திருக்கும் இப்றாஹீம் நானாவிடம் காலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் ஒருத்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“தங்கச்சி, இது வழுக்குற பிளாஸ்டிக்கு. சூப்பர் குளூ மட்டும் பூசினா ரெண்டு நாள்ல கழண்டுரும். மொதல்ல தைக்கோணும்,” என்றார் நானா.

“காலையா நானா?”

“வேற என்னத்த? ஓட்டை போட்டுக் கம்பியால தைங்க. பொறகு குளூ. அதுக்கு மேல அப்பச்சோடா தூவுங்க. கல்லாப் போயிரும்.”

தைத்தேன். கோணி ஊசியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, வெடிப்பின் இரண்டு பக்கமும் துளை போட்டேன். பழைய வயருக்குள் இருந்த செம்புக் கம்பியை உருவி, முனைகள் வெளிப்பக்கம் வருகிற மாதிரி இழுத்து இழுத்துத் தைத்தேன். கவ்வாத்துக் கத்தி தீட்டுகிற கல்லால் சுற்றிலும் உரசிச் சொரசொரப்பாக்கி, குளூவை விட்டு, கிழிந்த சேலைத் துண்டை மேலே ஒட்டினேன். நூல் துணியில் அது பட்டதும் குபுகுபுவென்று புகைந்தது, என் விரல் வெந்துபோனது. அப்புறம் சோடாவைத் தூவுவதும் குளூவைச் சொட்டுவதுமாக மேலும் மேலும் ஏற்றினேன். காய்ந்த பிறகு தட்டிப் பார்த்தால் டொக் டொக்கென்றது.

லயமே வந்து பார்த்தது. ஆளாளுக்கு உடைந்த வாளியையும் கால் போன கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கும் பெருமை தலைக்கேறிவிட்டது. ஆனால் ஒட்டியது வெடிப்பு மட்டும்தானே! புண் அப்படியேதான் இருந்தது, பெரிதாகிக்கொண்டும் வந்தது.

அப்போதுதான் பதுளையில் ஒரு மண்டபத்தில் இலவசமாகக் கால் கொடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று துள்ளினேன். டவுனுக்குப் போகிறோம், நாலு பேர் முன்னால் கழற்றிக் காட்ட வேண்டும், அழுக்காகவா கொண்டுபோவது? காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவிப் பளபளவென்று துடைத்தேன். புண்ணுக்குத் துவைத்த வெள்ளைத் துணி கட்டினேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நிஷாந்தினி, “ஏன் அத்தை, அந்தத் தையலப் பிரிச்சுட்டுக் கொண்டு போங்களேன். பாவம்னு குடுப்பாங்க,” என்றாள்.

“பிச்சையாடி எடுக்கப் போறோம்?” என்று அவள் மேல் பாய்ந்தேன்.

மண்டபத்தில் கால் பார்க்கிற ஐயா நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் வயிற்றை எரிக்கிறது. காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யார் ஒட்டினது?”

“நான்தாங்க.”

“பிரமாதம்மா! ரஜீவ், இங்க வந்து இத வீடியோ எடுங்க.” பிறகு இவரிடம் கேட்டார்: “நடக்கும்போது வலி ஏதும் இருக்கா?”

“இல்லைங்க ஐயா. நல்லா இருக்குங்க.”

தோட்டத்துத் துரைமார் முன்னால் கைகட்டி நின்று பழகிய வாய்! கூரை ஒழுகுதா என்று கேட்டாலும் நல்லா இருக்குங்க, வாங்குகிற சம்பளம் காணுமா என்று கேட்டாலும் நல்லா இருக்குங்க. எனக்கு வந்த ஆத்திரத்தில் இவர் வாயிலேயே ஒன்று வைத்திருப்பேன்.

“பொய்யிங்க ஐயா! புண்ணு இருக்கு. கிண்ணம் பெருசாப் போச்சு, உள்ள ஆடுது!” என்று கத்தினேன்.

ஐயா வெள்ளைத் துணியைப் பார்த்தார். அவிழ்த்துப் பார்க்கவில்லை.

“மருந்து போடுங்கம்மா. மிச்சக் கால்ல துணி மேஸ் ரெண்டு மாட்டினா ஆடாது. கொண்டுவந்த கால் கொஞ்சம்தான். ஒடஞ்சவங்களுக்குத்தான் மொதல்ல குடுக்கணும்.”

ஒடஞ்சவங்களுக்கா? இந்தா, ஒடைக்கிறேன்! மேசையிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சிமெந்துப் படியில் ஓங்கி அடித்தேன். உடையவில்லை. தையல் போட்ட இடம் பார்த்து மறுபடி அடித்தேன். சோடாவில் ஒரு பொடி கூடப் பெயரவில்லை. படிதான் பெயர்ந்தது.

ரஜீவ் போனை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். “சூப்பர் அக்கா! எவ்வளவு பலம்னு காட்டுறீங்க இல்ல? இன்னொரு தடவ அடிங்க, முகம் தெரியிற மாதிரி.”

வரிசையில் நின்ற சனம் கை தட்டியது.

“நாசமாப் போக!” என்று கத்தினேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பவும் காலை ஓங்கினேன்.

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்து என் தோளைப் பிடித்தார்.

“ஒடச்சிராத, பாக்கியம். பஸ் ஸ்டாண்டுக்கு நான் எதுல நடந்து வர்றது?”

அவரைப் படியிலேயே உட்கார வைத்தேன். வெள்ளைத் துணியில் சிவப்பு ஊறியிருந்தது. கிண்ணத்துக்குள் அந்தக் காலை விட்டு, வாரை இழுத்துக் கட்டினேன்.