எவர்சில்வர் ஏணி

…சுத்தமான வாசனையாம், எப்படித்தான் வாய் கூசாமல் சொல்கிறாரோ இந்த மேனேஜர், நீச்சல்குளத்துக் கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைத்து நெஞ்சில் போய் உட்காருகிறதே இதுவா சுத்தம், வருகிறவர்களும் குளோரின் நெடி, குளோரின் நெடி என்று பழியைத் தூக்கிப் பாவம் குளோரின் தலையில் போடுகிறார்கள், நல்ல தண்ணீரில் அதை மட்டும் கரைத்தால் இப்படியா நாறும்? நம் வேர்வையும் மூத்திரமும் அதனோடு கூடி வேறொன்றாக மாறினால்தான் இந்த நெடி, பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களே, அவரும்தானே என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினார், அப்படியானால் தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தேதான் சொல்கிறார்… குளத்துத் தண்ணீர் பிடித்த சோதனைக் குப்பியை அவர் கண்முன்னால்தான் நீட்டினேன், முதல் மாத்திரைக்கு வெளிர் ரோஜா நிறம், அது கிருமியைக் கொல்ல மிச்சமிருக்கும் குளோரின், இரண்டாவது மாத்திரை போட்டதும் குப்பி ஒரேயடியாகச் சிவந்துபோனது, அப்படிக் கூடுதலாகச் சிவக்கிறதே அதுதான் கெட்டுப்போன குளோரின், அதுதான் காற்றாகி மேலே வந்து தண்ணீரின் மேல் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது, ஏணி அருகே நிற்கிற எனக்கே தொண்டை அறுக்கிறது, நீந்தப் பழகும் பிள்ளைகளின் வாயோ சரியாக அந்தப் பாயின் மேல். வகுப்பை நாளைக்குத் தள்ளிவிடலாம் சார், வெளிக்காற்று இழுக்கிற விசிறியை முழுசாகப் போட்டு, கொஞ்சம் தண்ணீரையும் மாற்றிவிடலாம் என்றேன். குளிர்காலத்தில் வெளிக்காற்றைச் சூடாக்க யார் அப்பன் வீட்டுக் காசு என்று கேட்டார், விசிறியைக் குறைத்து வைத்தது அவர்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, டீ வேணுமா என்று கேட்கிற மாதிரியே, "உனக்கு இந்த வேலை வேணும்ல?" என்றார்.

வேண்டும்தான், வேலை போனால் இந்த ஊரில் இருக்க விடுகிற விசாக் காகிதமும் போகும், அது தெரிந்துதானே கேட்கிறார், அதுதான் எரிகிறது… தினமும் நீந்த வருகிற மீசைக்காரர் விஷயத்திலும் இப்படித்தான், ஓடிவிட்டு வந்து வேர்வை சொட்டச் சொட்டக் குதிக்கப் போனார், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இறங்குங்கள் சார் என்று சொன்னது தப்பா, பிழைக்க வந்தவள் என்னைக் குளிக்கச் சொல்கிறாளா என்று மேனேஜரிடம் போய்க் குதித்தார், மறுநாள் பார்த்தால் குளித்துவிட்டு இறங்கவும் என்ற பலகையே சுவரில் இல்லை, ஆணி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, அந்த ஆணியும் துரு. எல்லாமே துரு இங்கே, கடிகாரத்து முள், பெஞ்சின் கால், அட எவர்சில்வர் ஏணியே கொப்புளம் வந்த மாதிரிப் பழுப்பேறி நிற்கிறது, எவர்சில்வரையே தின்கிற காற்று பிள்ளை நெஞ்சை மட்டும் விட்டுவைக்குமா? எங்கள் தவளை, அண்ணன் மகள், கால் உதைப்பதில் அப்படியே தவளை, வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பு இலவசம் என்று நான்தான் சேர்த்துவிட்டேன், இப்போது வகுப்பு முடிந்த இரவெல்லாம் இருமுகிறாள், அண்ணி ஐஸ்கிரீமைத் திட்டுகிறாள், அண்ணன் ஜன்னலைத் திட்டுகிறான், நான் வாயைத் திறக்கவில்லை, அந்தக் குப்பி நிறம் மாறியதும்தான் கை தானாகப் போனை எடுத்தது.

"அண்ணி, இன்னைக்குத் தவளையை அனுப்பாதீங்க."

"ஏன், லீவா?"

"லீவு இல்ல அண்ணி… இங்க காத்து சரியில்ல."

"காத்து கருப்பு எதுவும் அடிச்சிடுமா? உயிர்காக்குற வேலைன்னுதானேடி சொன்ன."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள், ஆனால் அனுப்ப மாட்டாள், அது போதும், அப்பாடா என்று இருந்தது, அந்த அப்பாடாவோடுதான் விசிலை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன்… பிள்ளைகள் வரிசையாக வந்துவிட்டார்கள், கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார், உயர்த்துவார் உயர்த்துவார், அவர் பிள்ளையா இறங்கப் போகிறது? வரிசையில் முதலில் மஞ்சள் தொப்பி, தவளையின் ஜோடி, அவள் அம்மா என் தோளைத் தொட்டு, "உங்க அண்ணன் பொண்ணைக் காணோம்? அவ இல்லாம இவ இறங்க மாட்டேங்கிறா" என்றாள். இதோ, இப்போதுதான் சொல்ல வேண்டும், இந்த அம்மாவிடம் சொன்னால் எல்லா அம்மாக்களுக்கும் போய்விடும், சொல்லப் போகிறேன் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அவளுக்குச் சளி, அக்கா."

எவ்வளவு சுத்தமாக வந்தது, மேனேஜர்கூட இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை… அடடா, நல்லாப் பாத்துக்கோங்க என்று அந்த அம்மா பெஞ்சுக்குப் போய்விட்டாள், மஞ்சள் தொப்பி தானாகவே என் கையைப் பிடித்துக்கொண்டு ஏணியின் முதல் படியில் கால் வைத்தாள், தண்ணீரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறாள், இறங்கலாமா என்று, விசில் என் பல்லுக்கிடையில், சின்னதாக ஊதினால் இறங்கு, நீளமாக ஊதினால் எல்லோரும் வெளியே, மூச்சை இழுத்துக்கொண்டேன், இழுத்த மூச்சு நெஞ்சில் அறுக்கிறது, மேனேஜர் கட்டைவிரலை இன்னும் இறக்கவில்லை, நானும் இன்னும் ஊதவில்லை…