காலாவதியான பச்சைப் பாக்கெட்

மூன்றாம் எண் அறையில் சாய் ஐயா உச்சஸ்தாயியைத் தொட்ட நொடியில் திரை உறைந்தது.

தைவானின் கீலுங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் சாய் ஐயா. புதன்கிழமை மதியம் ஆனால் பழைய சகாக்களைக் கூட்டிக்கொண்டு இந்தக் கரோக்கிக் கூடத்துக்கு வந்துவிடுவார். காதலி கைவிட்ட பாட்டுகளாகத் தேடிப் பிடித்துப் பாடுவார். இன்றைக்கு அவர் கேட்டது, கப்பல் ஏறிப் போனவனை நினைத்துக் கரையில் நிற்கும் பெண்ணின் பாட்டு. திரைக்கு மறுபடி உயிர் வந்தபோது ஒலித்தது, குழந்தைகளின் பிறந்தநாள் பாட்டு.

"யோவ்! என் வயசை ஊருக்கே ஞாபகப்படுத்தணுமா?" மைக்கிலேயே கத்தினார். சகாக்கள் கை தட்டினார்கள். ஒருவர் கேக் எங்கே என்று கேட்டார்.

மேனேஜர் லியாவ் அக்கா படிகளில் தடதடவென்று இறங்கினாள். மாடிப்படிக்கு அடியில் இருந்தது மெஷின் அறை. எல்லா அறைகளுக்கும் பாட்டு அனுப்பும் பெரிய கறுப்புப் பெட்டி அங்கேதான். அதன் முன்னால் ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்தபடி குந்தியிருந்தான் ஷுன்ஜே.

"என்னப்பா பண்றே?"

"ஃபேன்ல தூசிக்கா. ஊதி விட்டுட்டேன்."

"நேத்து கேபிள்னே. அதுக்கு முன்னாடி கரண்ட்னே. நாளைக்கு என்ன, மழைம்பியா?"

"இந்த ஊர்ல தினமும் பெய்யற மழைக்கு எதுதான்க்கா தாங்கும்?"

அவள் பார்வை மெஷினின் தலைக்குப் போயிருந்தது. அங்கே ஒரு பச்சைப் பாக்கெட் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

தைவானில் எந்த மெஷினும் தனியாக வேலை செய்வதில்லை. பேங்க் கம்ப்யூட்டரின் தலையில், ஆஸ்பத்திரிக் கருவிக்குப் பக்கத்தில், டோல்கேட் சாவடிக்குள் எங்காவது ஒரு பச்சைப் பாக்கெட் உட்கார்ந்திருக்கும். தேங்காய் வாசம் அடிக்கும் சோளப் பொரி. பெயர் குவாய் குவாய். சமத்தாக இரு என்று அர்த்தம். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் மெஷின் படுத்துவிடும். காவலில் இருக்கும் பாக்கெட்டைப் பிரித்துத் தின்னக் கூடாது. அதன் தேதி முடிவதற்குள் புதுசு வைத்துவிட வேண்டும். எஞ்சினியரிங் படித்தவர்கள்தான் இதையெல்லாம் அதிகக் கண்டிப்போடு பின்பற்றுவார்கள். ஷுன்ஜேவும் எஞ்சினியரிங் படித்தவன்தான்.

"அது ஏன் அப்படிச் சுவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?" அக்கா கையை நீட்டினாள்.

"அக்கா, அதைத் தொடா..."

எடுத்துவிட்டாள். திருப்பினாள். பின்பக்கம் அச்சடித்திருந்த தேதியைப் படித்தாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி படித்தாள்.

"ஷுன்ஜே... இது போன வருஷமே செத்துப் போச்சு."

பொரித்த கணவாய் மீன் தட்டோடு அந்தப் பக்கம் வந்த சமையல்காரர் அதுன், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காலாவதியானதா? மெஷின் மேலயா? அதான் என் எண்ணெய்ச் சட்டியும் தினம் ட்ரிப் ஆகுது! எங்க அம்மா மேல சத்தியமா நான் வயரிங்கைச் சந்தேகப்பட்டேன்!"

"நீ போய்க் கணவாயைக் குடு" என்றாள் அக்கா. பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது.

கறுப்பு மார்க்கரில், சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தது. 'பாட்டை நடுவில் நிறுத்தினால் உன்னைக் கழற்றிவிடுவேன். சமத்தாக இரு. இப்படிக்கு, பெய்யுன்.' பக்கத்திலேயே முகம் சுளிக்கும் பெட்டி ஒன்றின் படம்.

வரவேற்பு மேஜையில் இருந்தவள் பெய்யுன். பாக்கெட் வாங்குவதும் அதில் மிரட்டல் எழுதுவதும் அவள் வேலை. அவள் எழுதிய காலம் முழுக்க இந்தக் கூடத்தில் ஒரு பாட்டும் பாதியில் நின்றதில்லை. தைபேயில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வேலை கிடைத்ததும், நீயும் வாயேன் என்று ஷுன்ஜேவைக் கேட்டாள். "நான் வந்துட்டா மெஷினை யாரு பாத்துப்பா?" என்றான் அவன். அவள் அவனைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் பாக்கெட்டுக்குத் தேதி முடிந்தது. அந்த எழுத்தைக் குப்பைக்கு அனுப்ப அவனுக்குக் கை வரவில்லை. அவளுக்கு ஃபோன் செய்யவும் கை வரவில்லை.

"லூசாடா நீ?" என்றாள் அக்கா, முன்னைவிட மெதுவாக.

"இப்பவே புதுசு வாங்கி நானே எழுதி வச்சிடறேன்க்கா."

"உன் எழுத்துக்கெல்லாம் இது அடங்காது. அவ கைக்குப் பழகின மெஷின். நடுவுல கை மாத்தற வேலையே வேணாம்." ஃபோனை எடுத்துவிட்டாள். "பெய்யுன்? நான் லியாவ் அக்கா. இன்னிக்கு உனக்கு லீவுதானே? ஒரு எட்டு வந்துட்டுப் போ. இங்கே மெஷின் படுத்துடுச்சு... அவனா? அவன் நல்லாத்தான் இருக்கான். ஸ்க்ரூ டிரைவரைத் தின்னுக்கிட்டு நிக்கறான்."

ஷுன்ஜே அவசரமாக வாயிலிருந்து அதை எடுத்தான்.

"வர்றாளாம். நீ ஓடிப் போய்ப் பாக்கெட் வாங்கிட்டு வா."

மூலைக்கடையில் ஒரு சுவர் முழுக்கப் பச்சைதான். ஷுன்ஜே ஒரு பாக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தான். வைத்தான். அடுத்ததைப் பார்த்தான். வைத்தான். பிறகு தரையில் உட்கார்ந்து கீழ்த்தட்டின் பின்வரிசைக்குள் கையை விட்டான்.

"என்ன தம்பி தேடறீங்க?" என்றார் கடைக்காரர்.

"இதைவிடச் சீக்கிரமா முடியறது இருக்கா?"

கடைக்காரர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "எல்லாரும் தூரத் தேதிதான் கேப்பாங்க. உங்களுக்கு மெஷின் மேல ஏதாவது கோபமா?"

கோபமில்லை. கணக்கு. பாக்கெட்டுக்குத் தேதி முடிந்தால் புதுசு வைக்க வேண்டும். புதுசு வைத்தால் அவள் வந்து எழுத வேண்டும். ரேக்குக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்த ஒன்று கையில் அகப்பட்டது. அடுத்த மாதக் கடைசி! தூசியைத் துடைத்து மார்போடு வைத்துக்கொண்டு மழையில் ஓடினான்.

அவன் திரும்பி முக்கால் மணி நேரத்தில் தைபே பஸ்ஸில் அவளும் வந்துவிட்டாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். குடையை மடக்கினாள். அவனைப் பார்ப்பதற்கு முன் மேஜை மேல் கிடந்த பழைய பாக்கெட்டைப் பார்த்துவிட்டாள். எடுத்துத் தேதியைப் படித்தாள்.

"இதை ஏன் இன்னும் வச்சிருந்தே? காலாவதியானது வைக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ம்."

அவள் அதைக் குப்பைக் கூடையில் போட்டாள். ஷுன்ஜேவின் கை ஒரு சாண் முன்னால் போய் நின்றது. லியாவ் அக்கா பாய்ந்து வந்து குப்பைப் பையின் வாயை முடிச்சுப் போட்டு வெளியே கொண்டுபோய்விட்டாள்.

"புதுசு எங்கே?"

கொடுத்தான். மார்க்கரின் மூடியைத் திறந்தவள், பழக்க தோஷத்தில் பாக்கெட்டைத் திருப்பினாள்.

"இது அடுத்த மாசமே முடியுதே."

"கடையில அதுதான் இருந்துச்சு."

"எந்தக் கடை? மூலைக்கடையா?"

அவன் மெஷினின் ஒரு ஸ்க்ரூவை, இறுகியிருந்ததையே, மேலும் இறுக்கினான்.

பெய்யுன் குடையை எடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

அவ்வளவுதான், போய்விட்டாள் என்று நினைத்தான். மேலே சாய் ஐயாவின் பாட்டு மறுபடி பாதியில் அறுந்தது. யாரோ ஓ என்று கத்தினார்கள். அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. குப்பைக் கூடையின் வெற்று வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கதவு திறந்தது. நனைந்த தோளோடு அவள். கையில் வேறொரு பச்சைப் பாக்கெட்.

"அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கும்" என்றாள். குனிந்து எழுதினாள். இந்த முறை மிரட்டல் இல்லை, படம் இல்லை. 'பெரியவர்கள் பாடுகிறார்கள். சமத்தாக இரு.' அவ்வளவுதான். மெஷின் தலையில் அதை நிறுத்தினாள். ஷுன்ஜே பொத்தானை அழுத்தி மெஷினை முதலிலிருந்து கிளப்பினான். பச்சை விளக்கு எரிந்தது. மேலே கப்பல் ஏறிப் போனவன் பாட்டு, முதல் வரியிலிருந்து.

"பாத்தியா! பாத்தியா!" சமையலறையிலிருந்து அதுனின் குரல். "என் சட்டிக்கும் ஒண்ணு எழுதிக் குடும்மா!"

அவன் வாங்கிவந்த பாக்கெட்டைப் பெய்யுன் கிழித்துப் பிரித்தாள். தேங்காய் வாசம் குப்பென்று பரவியது. மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"இது மேல எதுவும் எழுதலை. சாதா தீனிதான். சாப்பிடு."

அவனும் உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் பாக்கெட். அவள் விரலில் மார்க்கர் மை இருந்தது. பொரி நமுத்திருந்தது. இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள். "இன்னிக்கு என்னைக் கூப்பிட்டது யாரு?"

"லியாவ் அக்கா."

"பாக்கெட்டுக்குத் தேதி முடிஞ்சாத்தான் நான் வரணும்னு யாரு சொன்னா?"

அவன் வாயில் பொரி இருந்தது. மென்றான். நெடுநேரம் மென்றான்.

"ஒரு தடவைகூட நீ ஃபோன் பண்ணலை, ஷுன்ஜே."

மேலே பாட்டு முழுசாக முடிந்தது. பெரியவர்கள் மேஜையைத் தட்டினார்கள். அவள் எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த துணுக்குகளைத் தட்டிவிட்டு, தைபே பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள்.

பஸ் நிலையம் எதிர்ப்பக்கம்தான். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். அவள் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.

அவன் ஃபோனை எடுத்தான். அந்த எண் மனப்பாடமாக இருந்தது. அழுத்தினான்.

மணி போனது. போனது.

"சொல்லு."

"மழை பெய்யுது."

"கீலுங்ல மழை பெய்யுதுன்னு ஃபோன் பண்ற முதல் ஆளு நீதான்."

"தோள் நனைஞ்சிருந்துச்சு. ஏசி காத்து நேரா அடிக்கும். இடம் மாறி உக்காரு."

அந்தப் பக்கம் சீட்டின் சத்தம் கேட்டது. மாறி உட்காருகிறாள்.

"மாறிட்டேன். அப்புறம்?"

"அப்புறம்... தைபேயில மெஷின் பாக்கற ஆளுங்க வேணும்னு..." தொண்டையைச் செருமினான். "இல்ல, மெஷினை விடு. பெய்யுன், நான்..."

சட்டென்று லைன் அறுந்தது. கரகரப்புகூட இல்லை. துறைமுகத்தைத் தாண்டியதும் பஸ் நுழையும் சுரங்கப்பாதை.

"ஷுன்ஜே! ஆறாம் நம்பர் ரூம்ல மைக் வேலை செய்யலையாம்!" உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"இருங்கக்கா" என்றான், திரும்பாமலே. சுரங்கப்பாதை எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாது. அந்தப் பக்கமாக அவன் போனதே இல்லை. ஃபோனைக் காதில் வைத்து மறுபடி அழுத்தினான்.