அடுக்களைச் சுவரில் நாலு துளை

மேலப்பாளையத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த பாவா, வண்டி கவிழ்ந்து இடுப்பு முறிந்ததிலிருந்து மல்லாந்தே கிடந்தார். யாரோடும் பேச்சில்லை. மேசைமேல் இருந்த டிவி படுத்திருப்பவர் கண்ணுக்கு எட்டாது. சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கட்டிலுக்கு எதிரே உயரத்தில் மாட்டியே தீருவது என்று மனைவி ஷஃபீகா முடிவெடுத்தாள்.

மாட்ட வந்த மெர்வின் சுவரைத் துளைத்துப் பார்த்தான். பொலபொலவென்று மண் உதிர்ந்தது.

“பழைய மண்சுவரு அக்கா. திருகாணி நிக்காது. அண்ணன் கால்மேல விழுந்துரும்.”

“எப்படிப் போட்டா நிக்கும், அதைச் சொல்லு தம்பி.”

“மறுபக்கம் வரைக்கும் துளைச்சு, ரெண்டு பக்கமும் பலகை வச்சு, போல்ட் போட்டு இறுக்கணும். அந்தப் பக்கம் உங்க அடுக்களைல்லா? சுவரு பாழாப் போயிரும்.”

“போவட்டும்.”

அடுக்களைப் பாத்திரங்களை அவளே முற்றத்துக்கு அள்ளிவந்தாள். கொல்லையில் கிடந்த பழைய கதவை அறுத்துப் பலகையாக்கச் சொன்னாள். தலையெல்லாம் செம்மண் தூசி படிய, போல்ட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறுக்கி முடித்ததும் மெர்வின் பலகையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். பலகை அசையவில்லை.

டிவி ஓடத் தொடங்கியது. பாவா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வலது பக்கம் சாஞ்சிருக்கு,” என்றார் பிறகு.

ஷஃபீகா கண்ணைத் துடைத்துக்கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

“இப்ப சரியா இருக்கா? இன்னும் கொஞ்சம் தூக்கணுமா? நீங்க சொல்லிக்கிட்டே இருங்க,” என்றாள்.