முதல் வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே

2024 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. வில்லியனூரை அடுத்த சூசையார்பேட்டை பங்குக் கோயிலில் காலை ஏழரை மணிக்கு உறுதிபூசுதல் திருப்பலி தொடங்கியது.

விசுவாசத்தை உறுதிப்படுத்த அன்று நெற்றியில் எண்ணெய் பூசப்படவிருந்த பிள்ளைகளில் கிரேஸ் மேரிக்கு வயது பதினான்கு. பதினோரு வயதிலிருந்து அவளுக்குப் பெருங்குடலில் புண். முதல் ஒன்றரை வருடம் வீட்டில் அதைச் சூடு என்றார்கள். இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுத்தார்கள். மலத்தோடு போன ரத்தம் நிற்கவில்லை. பிறகுதான் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி, குழாய் விட்டுப் பார்த்தது, மாத்திரை எல்லாம். அடங்கும், மறுபடி வரும், அடியோடு போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெளிக்கு வந்தால் ஐந்து நிமிடம்தான் அவகாசம். அதனால் எங்கே போனாலும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வாள். கோயிலில், பீடத்துக்கு இடப்பக்கக் கதவு வழியாக நாற்பது எட்டு வைத்தால் போதும். அந்தக் கதவோரம் இடம் கிடைத்துவிட்டால், யாருக்கும் தெரியாமல் போய்வந்து மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நின்றுவிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூன்று நாள் முன்பு அம்மா பாத்திமா மேரி இதற்காக பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கும் கோயில் உபதேசியார் சவரிநாதனைப் பார்க்கப் போனாள். ஆனால் குடல் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் இது விழக்கூடாது.

"பொண்ணுக்கு அப்பப்ப தல சுத்துதுங்க சார். ஓரமா ஒக்கார வெச்சா நல்லாருக்கும்."

"ஓரத்துல காத்தே வராதேம்மா. நான் பாத்துக்குறேன், போங்க."

சவரிநாதன் நல்ல மனிதர். முதல் வரிசையின் நட்ட நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் ஒதுக்கினார். இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேர்.

கிரேஸ் மேரி முந்தின நாள் மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. இருந்தும் பிரசங்கத்தின் நடுவில் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. ஆயருக்குப் பதிலாக வெளியூரிலிருந்து வந்திருந்த சாமியார் "இன்னும் ஒரே ஒரு கருத்து" என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பின்பக்கம் சாய்ந்தாள். அங்கே அவளுடைய ஞானத்தாயாக நிற்க வந்திருந்த அப்பாவின் தங்கை சகாயராணி உட்கார்ந்திருந்தாள்.

"அத்த."

"இன்னாடி?"

"வவுறு."

"ஐயோ. சாமி முடிச்சிடுவாருடி, கொஞ்சம் பொறுத்துக்கோ."

"அவரு முடிக்கமாட்டாரு அத்த."

எழுந்தாள். பத்துப் பேரின் முழங்கால்களைத் தாண்டிக் கதவருகே வருவதற்குள் சவரிநாதன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு ஓடி வந்து வழியை மறித்தார்.

"ஒக்காரும்மா, தலையக் குனிஞ்சிக்கோ. யாராச்சும் தண்ணி குடுங்க! காத்து வுடுங்கம்மா, சுத்தி நிக்காதீங்க!"

"மயக்கம் இல்ல சார்."

"பேசாத, பேசாத. கண்ண மூடு."

அவர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. விசேஷ நாட்களில் கூட்டம் அசிங்கப்படுத்திவிடும் என்று கழிப்பறையைப் பூட்டிச் சாவியை அவரே வைத்துக்கொள்வார். கிரேஸ் மேரி அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"சார், எனக்குக் கொடல்ல புண்ணு. இப்ப கக்கூஸ் போவலன்னா இங்கியே போயிடும். சாவி குடுங்க."

சாமியார் அந்த நேரம் பார்த்துப் பேச்சை நிறுத்தியிருந்தார். முன்வரிசைகள் முழுக்கக் கேட்டது. ஒரு பையன் சிரித்தான். அவன் ஞானத்தந்தை அவன் தலையில் ஒன்று வைத்தார். சவரிநாதன் கொத்தை அப்படியே அவிழ்த்துக் கொடுத்தார்.

சரியான நேரத்துக்குப் போய்விட்டாள். வெளியே வர அரைமணி நேரம் ஆனது. அதற்குள் எண்ணெய் பூசி முடித்து, காணிக்கைப் பாட்டு தொடங்கியிருந்தது. கதவருகே அம்மா நின்றிருந்தாள்.

"நாலு பேரு காதுல வுழுற மாதிரியாடி சொல்லுவ?"

"நீ அன்னைக்கே சொல்லியிருந்தா அவரு மட்டுந்தாம்மா கேட்டிருப்பாரு."

பாத்திமா மேரி மகளின் முக்காட்டைச் சரிசெய்தாள்.

திருப்பலி முடிந்து பத்து மணி வாக்கில், சாமியார் உடை மாற்றும் அறையில் வைத்து கிரேஸ் மேரிக்கு எண்ணெய் பூசினார். சகாயராணி பின்னால் நின்று அவள் வலது தோளில் கை வைத்திருந்தாள். குழுப் படத்தை அதற்கு முன்பே கோயில் வாசலில் எடுத்து முடித்துவிட்டார்கள்.