வளைவில் என்ன இருந்தது

கள்ளக்குறிச்சியில் தனியாக உட்கார்ந்து அழ ஓர் இடம் தேடினால் லேசில் கிடைக்காது. வீட்டில் இருப்பது ஒரே அறை. அதில் மாமியார் வியாகுலம் இருந்தாள். மொட்டை மாடியில் பக்கத்து வீட்டார் மிளகாய் காயவைத்திருந்தார்கள். கடைசியில் இசபெல்லா கண்டுபிடித்த இடம், மாதா கோயிலில், சல்லடைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டு. வார நாளில் மத்தியானம் அங்கே யாரும் வரமாட்டார்கள்.

செல்போனை மரச்சட்டத்தில் சாய்த்து வைத்தாள். திரையில் அருள்மொழி அம்மா வந்தார். கோயம்புத்தூர்க்காரர், தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பல வருஷம் மனநல ஆலோசகராக இருந்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே ஆன்லைனில் பேசுகிறவர். இசபெல்லாவோடு வேலை பார்க்கும் எஸ்தர்தான் இவரிடம் பேசச் சொல்லியிருந்தாள்.

"எங்கம்மா உட்கார்ந்திருக்கீங்க? பின்னால சல்லடை மாதிரி தெரியுது."

"கோயில்லங்க. பாவசங்கீர்த்தனம் பண்ற கூண்டுல."

"அப்ப நான் சாமியார் உட்கார்ற பக்கமா?"

இசபெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவன் ரெக்ஸ் போனபிறகு இப்போதுதான் சிரிக்கிறோம் என்று உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அருள்மொழி அம்மா அதைக் கவனித்தார், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இசபெல்லா மெல்லச் சொன்னாள். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். ஐப்பசி மழையில் சாயங்கால பஸ் வராமல் போக, அவளைக் கூட்டிப்போகப் பைக்கில் ஏறிவந்த கணவன் ஒரு வளைவில் சறுக்கி விழுந்து இறந்தான். அன்றிலிருந்து லீவு. இரண்டு வாரம் கழித்து வரும் திங்கள்கிழமை சேராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். இரண்டு தடவை பஸ் ஏறியும் பார்த்தாள். மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் வந்ததும் இறங்கித் திரும்பிவிட்டாள்.

"மல கண்ணுல பட்டதும் மூச்சு முட்டுதுங்க. இதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"ஏதாவது ஜெபம் குடுத்து அனுப்புவேன்னு பாக்கறீங்களா?" என்று அவர் சிரித்தார். பிறகு கேட்டார்: "அந்த வளைவு எப்படி இருக்கும்?"

"பைக் கெடக்குது."

"பைக்கை எடுத்தாச்சு இல்லீங்களா?"

"எடுத்தாச்சுங்க. ஆனா கெடக்குது."

"சரி," என்றார் அவர். அவ்வளவுதான். மறுத்துப் பேசவில்லை, தேற்றவும் இல்லை. எந்த இடத்தில் வலி என்று தெரியாமல் அழுத்தக்கூடாது என்பது நர்ஸுக்குத் தெரியும். இந்த அம்மாவின் மௌனத்தில் அந்தப் பக்குவம் இருந்தது.

"ஆறு வருஷம் அந்த வழியா போயிருக்கீங்க. அங்க வேற என்ன இருக்கும்?"

இசபெல்லா யோசித்தாள். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

அடுத்தடுத்த பேச்சுகளில் அருள்மொழி அம்மா மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லிக்கொடுத்தார். பாதம் தரையில் பதிந்திருப்பதை உணரச் சொன்னார். மலை ஏற வேண்டாம், அடிவாரம் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். தப்பி ஓடித் திரும்புவது வேறு, டீ குடித்துவிட்டுத் திரும்புவது வேறு என்று போய்வந்த பிறகுதான் இசபெல்லாவுக்குப் புரிந்தது.

ஒருநாள் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் லாரன்ஸ் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, சாமியாரே ஊர்ல இல்ல, யார்கிட்ட பேசிக்கினு இருக்க?"

"ஆலோசனை சொல்ற அம்மாகிட்டங்க."

"உள்ள டவர் நல்லா கெடைக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் முடிக்கிறவரை ஒருவரையும் உள்ளே விடவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை இசபெல்லா கெஞ்சினாள். "நாளைக்கு நீங்க லைன்லயே இருங்க. காதுல மாட்டிக்கினு போறேன்."

"மலையில சிக்னல் இருக்குமா?"

"அடிவாரம் தாண்டினா போயிடும்."

"அப்ப வளைவுல நான் இருக்க மாட்டேன். இருப்பேன்னு சொன்னா பொய்ம்மா."

சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் கூட இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். இருக்கமாட்டேன் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அந்தச் சொல்லை நம்ப முடிந்தது.

"நான் உங்க மலையைப் பார்த்ததே இல்ல. வளைவுல என்ன இருக்குன்னு பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்க."

"அழுக வந்துச்சுன்னா?"

"அழுதுகிட்டே பாருங்க. கர்ச்சீப் ரெண்டா எடுத்துக்கங்க."

திங்கள்கிழமை பஸ்ஸில் கண்டக்டர் பழனி வழக்கம்போல் வம்புக்கு வந்தான். "இன்னா சிஸ்டர், கச்சிராயபாளையத்துல டீ நல்லாருக்குதா? அங்கியே டிக்கெட் போட்டுடவா?"

"வெள்ளிமல."

பழனி அவள் முகத்தைப் பார்த்தான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

அடிவாரம் தாண்டியதும், அதுவரை காதில் பேசிக்கொண்டு வந்த அருள்மொழி அம்மாவின் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. பஸ் முனகிக்கொண்டு ஏறியது. இசபெல்லா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இறங்கிவிடலாம் என்று எழுந்தும் விட்டாள். அந்த அம்மா மலையைப் பார்த்ததில்லையே என்ற நினைவு வந்தது. மறுபடி உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றினாள்.

வளைவு வருமுன் பழனி மெல்ல ஒரு விசில் கொடுத்தான். அங்கே ஸ்டாப் கிடையாது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பழனி அவள் பக்கம் திரும்பாமல் சில்லறைப் பையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

இசபெல்லா அழுதுகொண்டே பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே சுவரோரம் உட்கார்ந்து போனை முன்னால் வைத்தாள். வியாகுலம் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சொல்லுங்க, என்ன இருந்தது?" என்றார் அருள்மொழி அம்மா.

"பாறையில சொருவின குழாயில தண்ணி ஒழுவுது. மலக்காரம்மா ஒருத்தங்க ரோட்டோரம் புளி காயவெச்சி, வண்டி ஏறாம கல்லு வெச்சிருக்காங்க. அப்புறம் பலா மரம் ஒண்ணு, அடியிலருந்தே காய்ச்சிருக்குது. நாலு ஆடு..."

அவரைக்காய் ஆயும் சத்தம் நின்றிருந்தது. வியாகுலம் முறத்தைத் தள்ளிவிட்டு, நகர்ந்து வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகன் விழுந்த இடத்தை அவள் பார்த்ததில்லை. யாரும் அவளுக்குச் சொன்னதும் இல்லை. திரையில் அருள்மொழி அம்மா தன் நேரத்தை அந்தக் கிழவிக்கு விட்டுக்கொடுத்தவர்போல் காத்திருந்தார்.

"ஏம்மா," என்றாள் வியாகுலம். "எம்புள்ள கெடந்த எடத்துல நெழல் இருக்குதா?"

"இருக்குது அத்த. பலா மரத்து நெழல் ரோடு வரிக்கும் விழுது."

"ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான் அத்த. பஸ்ஸுக்குள்ளகூட வந்துட்டுப் போச்சு."