எதிரொலி உத்தியோகம்

பாறைக்குப் பேச்சு நின்றுபோன பிறகுதான் அவளுக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது: எதிரொலியாக இருப்பது.

அதற்கு முன்பு அவள் அந்த எதிரொலிப் பாறையைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டி. கல்லூரியில் புவியியல் படித்தவள். "ஏன்?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் அவர்களுக்குக் கால் கடுக்கும்வரை விடமாட்டாள். வந்தவர்களை வேலியோரம் நிறுத்தி, எதிரே கிடக்கும் குளத்தையும் அதன் அக்கரையில் செங்குத்தாக நிற்கும் பாறையையும் காட்டுவாள்.

"சுத்தி இருக்கிற குன்றையெல்லாம் பாருங்க. எல்லாம் உருண்டை. அதுல பட்ட சத்தம் நாலா பக்கமும் சிதறிடும். இது மட்டும் சப்பட்டை. சுவத்துல எறிஞ்ச பந்து கைக்கே திரும்பி வருதில்ல, அந்த மாதிரி சத்தமும் வந்துடும். சரி, இது மட்டும் எப்படி சப்பட்டை ஆச்சு? எங்கப்பாவும் அவரோட ஆளுங்களும் கயித்துல தொங்கி வெட்டினாங்க. இது கல்குவாரிங்க. இங்க இல்லாத கல்லெல்லாம் ஆத்துப் பாலத்துல இருக்கு. வெட்டின பள்ளத்துல மழைத்தண்ணி தேங்கினதுதான் இந்தக் குளம். இப்ப கத்துங்க!"

கத்துவார்கள். பாறை திருப்பிக் கத்தும்.

மேலாளருக்கு அந்தக் குவாரிக் கதை தொண்டையில் முள்ளாக நின்றது. மேலாளர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்காவின் கணவர். உளித்தடம் தெரிகிற பாறை போட்டோவில் அசிங்கமாக விழுகிறது என்று பச்சை வலை ஒன்றைத் தொங்கவிட்டார். வலை முழுக்கப் பைகள், பைகளில் கொடிகள். செடியைக் கத்தரிக்க இறக்கி ஏற்றும்படி மேலே வளையத்தில் கயிற்றைக் கோத்து, கீழே ஒரு இரும்பு முளையில் கட்டியிருந்தது. கொடி அடர்ந்தது. எதிரொலி செத்தது. இலை சத்தத்தைத் தின்றுவிடும். மெத்தையில் விழுந்த பந்து எங்கே திரும்பி வரும்?

"வலையை எடுங்க அத்தான்."

"எடுத்தா போட்டோ போச்சு."

"எடுக்கலைன்னா எதிரொலி போச்சு."

"அதுக்குத்தான் நீ இருக்கியே! உங்கக்கா சொல்லுவா, உன் குரலுக்கு ஊரே எழுந்துக்கும்னு. பாறையடியில ஒரு மறைப்பு போட்டுத் தரேன், உட்கார்ந்துக்க. அடுத்த மழை வரைக்கும்தான். அப்புறம் வலையை இறக்கிடறேன். சத்தியமா."

நம்பினாள். அந்த முளைக்குப் பக்கத்திலேயே ஓலை மறைப்பில் உட்கார்ந்து, ஒரு மூச்சு இடைவெளி விட்டு, அக்கரைக்காரர்கள் கத்தியதைத் திருப்பிக் கத்தினாள். காதலிகளின் பெயர்கள், கெட்ட வார்த்தைகள், குழந்தைகளின் கூச்சல். ஒருவர் தும்மியபோது இவளும் தும்மினாள். அக்கரையில் கைதட்டல்.

மழை வந்தது, போனது. வலை இறங்கவில்லை. அதற்குப் பதிலாக, வாசலில் பதிக்கப் புதுக் கல்வெட்டு ஒன்று வந்து சாய்ந்து நின்றது. 'மனிதக் கை படாத இயற்கை அதிசயம்.' சுற்றுலாத் துறை அதிகாரி வந்து பார்த்து, சரி என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே பதித்துவிடுவார்கள்.

"மனிதக் கை படாததா?" என்றாள். "அப்ப எங்கப்பாவுக்கு இருந்தது என்ன, துடுப்பா?"

"உங்கப்பாவை யாரு இல்லைன்னு சொன்னா? எழுதலை, அவ்வளவுதான். நாளைக்கு அதிகாரியம்மா வராங்க. சுத்தமா கத்து. குடும்ப மானம்."

மறுநாள் அதிகாரி வந்தார். ஓலை இடுக்கு வழியாக அவரது நீலக் குடை தெரிந்தது. பக்கத்தில் அத்தான், வளைந்து நெளிந்து.

அதிகாரி கையைக் குவித்துக்கொண்டு உற்சாகமாகக் கூவினார்.

"யாரது?"

ஒரு மூச்சு விட்டாள். வழக்கமான இடைவெளி.

"நான்தான்!"

அக்கரையில் குடை தாழ்ந்தது.

"நான்னா யாரு?"

"இந்தப் பாறையை வெட்டினவரோட பொண்ணு! கல்வெட்டுல கை படாததுன்னு எழுதியிருக்கு. பட்டதுங்க! அந்தக் கை பட்டதாலதான் இது பேசிச்சு. வலை போட்டதால ஊமையாச்சு. இத்தனை நாளா பேசினது நான்!"

"வாயை மூடு!" அத்தான் வேலியைப் பிடித்து அலறினார்.

"வாயை மூடு!" என்றாள், அச்சு அசல் அவர் குரலில். அதிகாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வேலை போயிடும்!"

"வேலை போயிடும்!"

இனி எதிரொலிக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. முளையிடம் போனாள். இறுகியிருந்த முடிச்சைக் கல்லால் தட்டி நெகிழ்த்தி, ஒதுங்கி நின்று கயிற்றை விட்டாள். வளையம் கிறீச்சிட்டது. வலை, கொடி, பை, மண் எல்லாம் சரசரவென்று சரிந்து குளத்தில் விழுந்து மூழ்கின. மேலிருந்து கீழ்வரை வரிவரியாக உளித்தடங்கள் வெயிலுக்கு வந்தன.

"ஏய், என்ன பண்ணிட்டே!" என்று அத்தான் கத்தினார்.

அவள் உதட்டை இறுக மூடி, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன பண்ணிட்டே!" என்று கேட்டது பாறை.