உபயம்

சிட்டிபாபு ஏணியில் நின்று தொட்டியில் சிவப்புப் பெயின்டால் ‘உபயம்’ என்று எழுதி முடித்த நேரத்தில்தான் ரத்தினபாய் குடத்தோடு வந்து சேர்ந்தாள். முதல் குடம் அவள் பிடிப்பதாக ஏற்பாடு. மறைமலை நகர் ஓரத்தில் இருக்கும் முலாம் பூசும் கம்பெனி ஊருக்குக் கட்டிக்கொடுத்த தண்ணீர்த் தொட்டி அது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எம்.டி. வந்து திறக்கப்போகிறார்.

அவளுக்குச் சுருக்கென்றது. கம்பெனிக் கழிவு இறங்கி ஊர்க் கிணறு கெட்டு, வடித்த சோறே மஞ்சளாய் நின்ற வருஷம், பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பெனி கேட்டில் உட்கார்ந்தவள் அவள். அப்படி வந்த தொட்டிக்கு உபயமாம், உபயம்!

“அந்த வார்த்தைய அழிக்கச் சொல்லுங்க சார்” என்றாள், வெல்ஃபேர் ஆபீசர் தோத்தாத்ரியிடம்.

“ஏம்மா, நல்ல வார்த்தைதானே? கோயில் டியூப்லைட்லகூடப் போடறாளே.”

“அதான் சார் பேஜாரு. எங்க சர்ச்சு திருவிழாவுக்கு உங்க கம்பெனி சீரியல் லைட்டு உபயம் குடுத்துச்சு. அடுத்த வருசம் குடுக்கல. நாங்க இன்னா, சண்டைக்கா வந்தோம்? உபயம்னா குடுக்கறவங்க இஷ்டம். நாளைக்கு மோட்டாரு நின்னா, நாங்க இன்னான்னு கேக்கறது?”

தோத்தாத்ரி ரோட்டைப் பார்த்தார். “எம்.டி. கோச்சுண்டு திரும்பிப் போயிட்டார்னா தண்ணியே கிடையாது, தெரியுமோ?”

பின்னால் நின்ற பெண்களின் முகம் வாடியது. ரத்தினபாய்க்கும் பயம்தான். லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்டு இன்னொரு கோடையா? அம்மாடி! ஆனாலும் இடுப்புக் குடத்தை அவள் இறக்கவில்லை.

“போவட்டும் சார். மறுபடியும் கேட்டாண்ட வந்து குந்திக்கறோம். எங்களுக்கு இன்னா, புதுசா?”

“ஆமா சார், அங்க நல்ல நெழலு கீது” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

தோத்தாத்ரிக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. “தொலையட்டும். வேற என்னதான் எழுதறது?”

சிட்டிபாபு மண்ணெண்ணெய்த் துணியால் உபயத்தைத் துடைத்தான். “சொல்லுக்கா.”

“கெணத்துக்குப் பதிலா.”

“இன்னாது?”

“கெணறு எங்களுது. அதக் கெடுத்தாங்க, அதுக்குப் பதிலா இது. அவ்ளோதான். கீழ கம்பெனி பேரு போடு, பெருசாவே போடு.”

கம்பெனி பேரை அவன் முடிப்பதற்குள் கார் வந்துவிட்டது. எம்.டி. இறங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையை உயர்த்தினார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தோத்தாத்ரி தரையைப் பார்த்தார். ‘கிணற்றுக்குப் பதிலாக’ என்ற எழுத்து இன்னும் ஈரமாய் இருந்தது. ரத்தினபாய் நேராகப் போய்க் குழாய்க்கு அடியில் குடத்தை வைத்தாள்.

“தொறந்து வுடுங்க சார்” என்றாள்.